எல்லை தாண்டிய மாலா

லிஸ்பன் ரயில் நிலையத்தில் மாலாவைப் பெட்டி என்று சொல்லிவிட்டார்கள். போர்ச்சுகலில் மாலா என்றால் பயணப் பெட்டிதான். பாஸ்போர்ட்டிலும் அதே நான்கு ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. மறுத்துப் பேச வழியில்லை.

சொன்னவர் டிக்கெட் பரிசோதகர். நீலத் தொப்பி வைத்த, சதைப்பிடிப்பான பெண்மணி. அவர் ஈரோட்டுப் பக்கத்துத் தமிழ் பேசினார். ஐரோப்பாவில் எல்லா ரயில்களிலும் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று மாலா நினைத்துக்கொண்டாள்.

“பெட்டியெல்லாம் மேல வெக்கோணுங்க. சீட்டுல வெக்கக் கூடாது,” என்றார் பரிசோதகர்.

“அவ என்ற சம்சாரமுங்க,” என்றார் மாலாவின் கணவர் அர்த்தநாரி.

“இருக்கட்டுமுங்க. பூட்டு இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப நீங்கதான் பாத்துக்கோணும். காணாமப் போனா நாங்க பொறுப்பில்லை.”

அர்த்தநாரி திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்பவர். ஊரில் அவர் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள். அவர் பரிசோதகரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மாலாவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, சாமான் வைக்கும் தட்டில் ஏற்றினார். மாலா முழங்காலை மடித்து இடம் பண்ணிக்கொண்டாள்.

அவர்கள் லாட்வியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் தாரணிக்கு அங்கே தலைப்பிரசவம். லாட்வியாவும் லிஸ்பனும் பக்கத்துப் பக்கத்து ஊர், லா, லி என்று வரிசையாகத்தானே வருகிறது என்று டிராவல்ஸ்காரர் சொல்லியிருந்தார். விமானம் லிஸ்பனில் இறக்கிவிட்டது. மீதித் தூரத்துக்கு ரயில்.

பரிசோதகர் அடுத்து அர்த்தநாரியின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினார். இரண்டு தரம் கூட்டினார்.

“இந்தச் சொல்லு எங்கியுமே இல்லீங்க.”

“அது சாமி பேருங்க. எங்கூரு மலைமேல இருக்கற சாமி.”

“உங்கூர்ல இருக்குமுங்க. இங்கே எந்த மொழியிலயும் இல்லை. அர்த்தமே இல்லை.”

“அப்படின்னா டிக்கெட்டு?”

“இல்லாததுக்கு எதுக்குங்க டிக்கெட்டு.”

அர்த்தநாரிக்கு இது பெருமையாக இருந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மேலே திரும்பிப் பார்த்து, “பாத்தியா,” என்றார். பெட்டி பதில் சொல்லக் கூடாது என்பதால் மாலா பேசாமலிருந்தாள்.

வண்டி கிளம்பியது. ஒரு பெரியவர் தன் குடையை மாலாவின் மேல் வைத்தார். இன்னொரு அம்மாள் அவளைக் கொஞ்சம் தள்ளிவிட்டு ஒரு கூடைக்கு இடம் பிடித்தாள். மாலா கீழே பார்த்தாள். அர்த்தநாரியின் உச்சந்தலை தெரிந்தது. நடுவில் ஒரு வட்டம் வழுக்கை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. அவர் எப்போதும் அவளைவிட உயரத்தில்தான் இருந்தார்.

ஸ்பெயின் எல்லையில் பரிசோதகர் தொப்பியைக் கழற்றி, உதறி, பின்பக்கம் முன்னால் வருகிற மாதிரி வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் ஸ்பெயின் பரிசோதகர்.

“பெட்டிய இறக்குங்க. இங்க அது பெட்டி இல்லை.”

மாலா இறங்கி, சேலையை நீவிக்கொண்டாள்.

“இவங்க நிரந்தரமா மாலாவுங்களா, இப்போதைக்கு மாலாவுங்களா?”

“புரியலீங்க,” என்றார் அர்த்தநாரி.

“சொல்லு ஒண்ணுதானுங்க. ஆனா ‘இருக்கறது’ங்கறதுக்கு இந்த ஊர்ல ரெண்டு வினை. நிரந்தரம்னா, இவங்க கெட்டவங்க. இப்போதைக்குன்னா, இவங்களுக்கு ஒடம்பு சரியில்லை. எது?”

“ரெண்டும் இல்லீங்க,” என்றாள் மாலா.

“உங்களைக் கேக்கலீங்க. கூட வந்தவர்தான் சொல்லோணும்.”

“ஒடம்பு சரியில்லைன்னா என்ன பண்ணுவீங்க?” என்று அர்த்தநாரி கேட்டார்.

“அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.”

“அப்ப நிரந்தரமுங்க.”

அவர் உடனே சொல்லிவிட்டார். எச்சில் விழுங்குகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

“இறக்கிவிட்டா பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியாதில்ல,” என்று பிறகு மாலாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“சரிங்க,” என்றாள் மாலா.

சரிதான். காரணம் நியாயமானதுதான். ஆனால் அவர் யோசிக்கவில்லை.

கெட்டவர்களுக்குத் தனியாக ஒரு ரயில் பெட்டி இருந்தது. அங்கே இருக்கைகள் அகலம். காலை நீட்ட இடம் தாராளம். எதிரே ஒரு பெண் கம்பளி நூலில் நீளமாக எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். அது தரையில் ஓடி அடுத்த பெட்டிக்குள் போயிருந்தது.

“நீங்க என்ன பண்ணுனீங்க?” என்று அவள் கேட்டாள்.

“ஒண்ணும் பண்ணலீங்க. பேருதான்.”

“எனக்கும் பேருதான். நல்ல கூட்டம் வருது பாருங்க, பேரு வெச்சே.”

கணவர் தன்னைக் கெட்டவள் என்று எதை வைத்துச் சொன்னார் என்று மாலா யோசித்தாள். ஒரு தீபாவளி நோம்பிக்கு அவர் தம்பி வீட்டுக்கு வர முடியாது என்று சொன்னதையா? கடைக் கணக்குப் பிள்ளையின் மனைவியிடம் வாய் தவறி உண்மையைச் சொன்னதையா? ஸ்பெயின் பெரிய நாடு. யோசித்து முடித்த பிறகும் ஸ்பெயின் மிச்சமிருந்தது.

பிரான்சில் மாலா என்று ஒரு சொல்லே கிடையாது என்றார் பரிசோதகர். அர்த்தநாரி முன்பே கிடையாது. அதனால் பிரான்ஸ் முழுக்க இருவருமே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். யாரும் அவர்களை எதுவும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் அவர்கள் வெளியூர் எங்கும் போனதில்லை. அவர் தோளில் அவள் தலை சாய்ந்தது. அதுவும் இல்லாததில் சேர்த்தி.

இத்தாலி எல்லையில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் நான்கைந்து பேர் ஏறினார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து மாலாவின் கையை முத்தமிட்டார்கள்.

“என்னங்க இது?” என்று மாலா பரிசோதகரைக் கேட்டாள். அவர் தொப்பியைச் சற்றே சாய்வாக வைத்திருந்தார். குரலில் மரியாதை கூடியிருந்தது.

“இங்க மாலான்னா கள்ளக் கூட்டமுங்க. நிழல் உலகம்பாங்களே, அது. இந்த நாட்டுல இருக்கற ரவுடிங்க மொத்தமும் சேர்ந்து நீங்கதான்.”

“மொத்தமுமா?”

“மொத்தமும்.”

மாலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கறுப்புக் கோட்டுக்காரர்களில் மூத்தவர் அர்த்தநாரி இருந்த திசையைக் காட்டினார். அவருக்கு அர்த்தநாரி தெளிவாகத் தெரியவில்லை. கண்ணாடியில் படிந்த மூச்சு மாதிரி ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

“இதை என்ன பண்ணட்டும்மா?”

மாலா கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். வண்டி ஒரு குகைக்குள் நுழைந்து வெளியே வந்தது. இன்னொரு குகைக்குள் நுழைந்தது. அர்த்தநாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது.

“ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க,” என்றாள் மாலா. “பிரான்ஸ்ல இருந்து கேக்கறேன். சளி பிடிக்கும்னு திறக்கவே மாட்டேங்கறாரு.”

அர்த்தநாரி எழுந்து ஜன்னலைத் திறந்தார். காற்று வந்தது. அவர்கள் மறுபடி குனிந்து கையை முத்தமிட்டுவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து ஒழுங்காக இறங்கிப் போனார்கள்.

குரோஷியாவில் மாலா என்றால் சின்னவள். எல்லைக் கோட்டை வண்டி தாண்டத் தாண்ட அவள் குறைந்துகொண்டே வந்தாள். கடைசிப் பெட்டி தாண்டியபோது அவள் ஒரு சுண்டுவிரல் அளவு இருந்தாள். சேலையும் கூடவே குறைந்தது நல்லதாயிற்று.

அர்த்தநாரி அவளை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பையில் ஒரு பேனாவும் விபூதிப் பொட்டலமும் இருந்தன. மாலா பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்திலேயே அவர் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. வயக்காட்டில் போர் இறங்குகிற சத்தம் மாதிரி இருந்தது. எவ்வளவு ஆழம் போயும் தண்ணீர் வராத போர்.

“மூச்சு முட்டுதா?” என்று மேலிருந்து கேட்டார்.

“இல்லீங்க.”

“பேனா குத்துதா?”

“இல்லீங்க.”

அவர் இப்படியெல்லாம் கேட்பவர் அல்ல. அவள் பதில் சொன்ன பிறகும் பையின் வாயை விரலால் கொஞ்சம் விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். கை வலித்திருக்கும்.

நடுவழியில் டீக்காரர் வந்தார். அர்த்தநாரி கூப்பிட்டார். டீக்காரர் நிற்கவில்லை. அர்த்தநாரி எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். டீக்காரர் அவர் ஊடாகவே நடந்து போனார். சூடாகக் கொஞ்சம் சிந்திவிட்டும் போனார்.

“மாலா,” என்றார் அர்த்தநாரி.

“சொல்லுங்க.”

“நான் கூப்பிட்டது அவனுக்குக் கேக்கலை.”

“எனக்குக் கேட்டுதுங்க.”

அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார். அவர் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரி அவர் மேலேயே உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் அதனால் தொந்தரவில்லை.

செக் நாட்டிலும் அவள் சின்னவளாகவே இருந்தாள். கடைசி எழுத்தின் மேல் ஒரு சிறு கோடு மட்டும் போட்டார்கள். அது தலையில் இடித்தது. போலந்தில் மூன்றாம் எழுத்தின் குறுக்கே கோடு கிழிக்க வேண்டும், அப்போதுதான் சின்னவள் என்று கணக்கு. பரிசோதகர் பேனா கேட்டார். அர்த்தநாரியின் பேனாவை அவரால் பார்க்க முடியவில்லை. கோடு விழாததால் மாலா பழைய அளவுக்கு வளர்ந்து சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தாள். பை கிழிந்துபோயிற்று.

லித்துவேனியாவில் வண்டி ஒரு வயலின் நடுவே நின்றது. அங்கே ஒரு கல் எந்திரம் இருந்தது. கைப்பிடி வைத்த, பெரிய எந்திரம்.

“இறங்கி அரைங்க,” என்றார் பரிசோதகர். தொப்பி இப்போது அவர் கையில் இருந்தது. “இங்க மாலாங்கறது பேரே இல்லை. வினைச்சொல்லு. அரைக்கிறாள்னு அர்த்தம்.”

“எதை அரைக்கோணும்?”

“அதெல்லாம் சொல்லலீங்க. அரைக்கிறாள், அவ்வளவுதான்.”

“எத்தனை நேரம் நான் அரைக்கோணும்?”

“நான்னு சொல்லக் கூடாதுங்க. இது படர்க்கை. அவள் அரைக்கிறாள். நேரமும் கிடையாது. நிகழ்காலம்.”

மாலா உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்துப் பழகிய கைதான். கல் சுற்றியது. ஒன்றும் போடாமலே மாவு விழுந்தது. அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. வெள்ளையாக, சூடாக, ஏதோ ஒரு மாவு.

அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. தாரணி.

“அம்மா, எங்கே இருக்கே? வலி எடுக்குதும்மா.”

மாலா வாயைத் திறந்தாள். நான் என்று வரவில்லை.

“அவ அரைக்கிறா கண்ணு.”

“யாரும்மா?”

“அவதான்.”

“அம்மா, நீ எப்ப வருவே?”

“அவ அரைக்கிறா,” என்றாள் மாலா. வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து மாவில் விழுந்தது.

அர்த்தநாரி போனை வாங்கினார். “சாமி, நாங்க வந்துட்டிருக்கோம். பயப்படாதே. பக்கத்துலதான் இருக்கோம்,” என்றார். ஊரில் பத்துப் பேருக்குக் கேட்கிற குரல். மறுமுனையில் தாரணி, “ஹலோ, ஹலோ, அம்மா, ஒண்ணுமே கேக்கலை,” என்றாள். தொடர்பு அறுந்தது.

அர்த்தநாரி போனைப் பார்த்தபடியே நின்றார். அவர் கால்கள் வழியாக வயல் தெரிந்தது.

மாலா கைப்பிடியை விடாமல் பரிசோதகரைக் கேட்டாள். “எதை அரைக்கோணும்னு சொல்லலைன்னீங்களே.”

“ஆமாங்க. செயப்படுபொருள் கிடையாது.”

“அவளே ஒண்ணைப் போட்டுக்கிட்டா?”

பரிசோதகர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே யோசித்தார். “இலக்கணத்துல தடை ஒண்ணும் இல்லீங்க.”

மாலா எட்டித் தண்டவாளத்தின் நுனியைப் பிடித்து எந்திரத்தின் வாயில் விட்டாள். தண்டவாளம் முறுக்கு மாவு மாதிரி இளகி உள்ளே போயிற்று. பின்னாலேயே கட்டைகள் போயின. ஒரு பாலம் வந்தது. பாலத்தைப் போட்டாள். தூரத்தில் இருந்த ஊர்கள் நெருங்கி வர ஆரம்பித்தன.

“ஏனுங்க, சும்மா நிக்காதீங்க. தள்ளி விடுங்க.”

அர்த்தநாரி சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குந்தினார். வீட்டில் அரைக்கும்போது அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. முதலில் கையைக் கல்லில் நசுக்கிக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. மைல் கல், சிக்னல் கம்பம், இரண்டு காடு, வாத்துகள் நின்றிருந்த ஒரு குளம் எல்லாவற்றையும் வழித்து வழித்துக் குழியில் தள்ளினார். வாத்துகளை மட்டும் எடுத்து வெளியே விட்டார். அவள் சுற்றினாள். இருவர் தலையும் மாவாயிற்று. கடைசியாக எல்லைக் கம்பமே உருண்டு வந்து கல்லில் முட்டி நின்றது.

“அதைப் போட்டுறாதீங்க. அது அரசாங்கத்தோடது,” என்றார் பரிசோதகர்.

அவர்கள் எழுந்து கம்பத்தைத் தாண்டி நடந்தார்கள். அந்தப் பக்கம் லாட்வியா.

கடல் தெரிந்தது. பரிசோதகர் மறுபடி தொப்பியை வைத்துக்கொண்டார். இம்முறை எந்தப் பக்கமும் திருப்பாமல், நேராக வைத்தார்.

“இங்க மாலான்னா ஓரமுங்க. கரை. உங்க பொண்ணு இருக்கற ஊரோட பேருலயே அது இருக்குது, கடலுங்கற சொல்லுக்குப் பின்னால. கடலும் நீங்களும் சேர்ந்தா அந்த ஊரு.”

“நான் எங்க இருக்கோணும்?”

“தண்ணி முடியற எடத்துல.”

மாலா போய்ப் படுத்தாள். படுத்ததும் நீண்டாள். ஒரு பக்கம் பைன் மரங்கள் வரைக்கும், இன்னொரு பக்கம் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும். மணல் சன்னமாக, சில்லென்று இருந்தது. நாய் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அவள் மேல் நடந்தார்கள். யாரும் அவளை எங்கும் தூக்கி வைக்கவில்லை. எல்லோரும் அவளிடம்தான் வந்தார்கள்.

தாரணி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலை அகற்றி வைத்து நடந்து வந்தாள். வந்து, ஒரு கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள்.

“எப்பம்மா வந்தே?”

“இப்பத்தான் கண்ணு. மாப்பிள்ளை எங்கே?”

“கார் எடுத்துட்டு வரப் போயிருக்காரு. அப்பா வரலையா?”

மாலா பதில் சொல்வதற்குள் தாரணிக்குச் சற்றுத் தள்ளி மணலில் ஒரு பள்ளம் விழுந்தது. ஒரு ஆள் உட்கார்கிற அளவுக்கு. வேறு ஒன்றும் தெரியவில்லை. எடை மட்டும் இருந்தது. அந்த எடை மாலாவுக்குத் தெரியும். கட்டிலின் இடப் பக்கத்து எடை.

“வந்திருக்காரு,” என்றாள்.

“எங்கே?”

“உக்காந்திருக்காரு.”

தாரணி பள்ளத்தைப் பார்த்தாள். “அப்பா, இளைச்சுட்டீங்க,” என்றாள். பிறகு வலி வந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“மாலா,” என்றது பள்ளம். அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

“சொல்லுங்க.”

“வழி நெடுக ஒவ்வொருத்தனும் நீ என்னன்னு சொல்லிட்டே வந்தான்.”

“ஆமாங்க.”

“நானும் சொன்னேன். ஸ்பெயின்ல.”

“ஆமாங்க.”

காற்று கொஞ்சம் மணலை அள்ளிப் பள்ளத்துக்குள் போட்டது. அவர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டார் போலிருக்கிறது.

“நீ என்னன்னு உன்னையே ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்பக் கேக்கட்டுமா?”

“இப்ப வேண்டாங்க. பொண்ணுக்கு வலி எடுத்திருக்கு.”

“சரி. பொறவு கேக்கறேன்.”

“கேளுங்க.”

“அம்மா,” என்றாள் தாரணி. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். “கையைப் பிடிச்சுக்கோம்மா.”

மாலா கையைத் தேடினாள். அத்தனை நீளத்தில் கை எங்கே இருக்கிறது என்று உடனே தெரியவில்லை. அதற்குள் தாரணி ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கிக்கொண்டாள். விரலிடுக்கில் வழியாத அளவுக்கு இறுக்கினாள். மாலாவுக்கு நன்றாக வலித்தது.

கடல் ஒரு தரம் வந்து அவள் மேல் ஏறியது. மகள் இருந்த இடம் நனையாதபடி மாலா அங்கே மட்டும் கொஞ்சம் மேடாக எழுந்துகொண்டாள்.